கழிச்சலில் தப்பிய கோழிகளை இனப்பெருக்கத்திற்கு வைக்கலாமா?

கேள்வி: வெள்ளைக்கழிச்சல் வந்து என் நாட்டுக்கோழிகள் பெரும்பாலும் இறந்துவிட்டன. தப்பியவை 6 பெட்டைகளும் ஒரு சேவலும்தான். இவற்றின் குஞ்சுகளுக்கு நோயைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே இருக்குமா? தடுப்பூசியை நிறுத்திவிடலாமா?

பதில்: தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். தப்பிய கோழிகளை இனப்பெருக்கத்திற்கு வைக்கலாம். ஆனால் அவை தப்பியதற்கு மரபணுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூட்டின் ஓரத்தில் அடைந்ததால் குறைந்த அளவு கிருமியே உட்சென்றிருக்கலாம். முன்பு போட்ட தடுப்பூசியின் பலன் எஞ்சியிருந்திருக்கலாம். நோயில் பிழைத்த பெட்டை தன் எதிர்ப்புப் புரதத்தை முட்டையின் மஞ்சள் கருவழியே குஞ்சுக்குக் கொடுக்கிறது. அது சில வாரங்களில் கரைந்துவிடும். அதைப் பிறவிக்குணம் என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர்.

மரபணுவின் பங்கு உண்மையானதுதான். கோழியின் 16ஆம் குரோமோசோமில், கிருமியின் துணுக்குகளை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் ஒரு தொகுதியாக அமைந்துள்ளன. அத்தொகுதியில் பி21 என்னும் வகையைப் பெற்ற கோழிகள், நரம்புகளைத் தாக்கிக் கட்டிகளை உண்டாக்கும் வைரஸ் நோயான மாரெக் நோயை நன்கு எதிர்க்கின்றன. பி19 வகையுடையவை எளிதில் வீழ்கின்றன. எகிப்தின் ஃபயூமி இனக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது, முட்டைக்காக வளர்க்கப்படும் லெகார்ன் இனக் கோழிகளைவிட விரைவாக அவை வைரஸை உடலிலிருந்து அகற்றின. எனினும் ஒரு நோயை வெல்லும் மரபணு மற்றொன்றையும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. கழிச்சலை எதிர்க்கும் திறன் பல மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்பால் அமைவதால், நிறத்தையோ கொண்டையையோ பார்த்து அதைக் கண்டறியவும் முடியாது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். கிருமியைப் பெருகவிடாமல் தடுப்பது எதிர்ப்புத்திறன். கிருமி உள்ளே இருந்தும் உடல் நலியாமல் இருப்பது தாங்குதிறன். தாங்குதிறன் மட்டும் உள்ள கோழி, பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே எச்சத்தின்வழி மற்றக் கோழிகளுக்கு நோயைப் பரப்பக்கூடும்.

உங்களிடம் உள்ள பெரிய குறை ஒரே சேவல்தான். ஒரு சேவலும் 6 பெட்டைகளும் எண்ணிக்கையில் ஏழு என்றாலும், எல்லாக் குஞ்சுகளுக்கும் பாதி மரபணு அந்த ஒரே சேவலிடமிருந்து வருவதால், மரபு வளத்தின் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பறவைகளுக்கே சமம். அதே பெட்டைகளுக்கு உறவில்லாத 3 சேவல்களைச் சேர்த்தால் அது எட்டாக உயரும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால், மேற்சொன்ன மரபணுத் தொகுதியின் பல்வகைத் தன்மை குறைந்து, புதிய கிருமி ஒன்று வரும்போது கூட்டம் முழுவதுமே ஒரே விதமாக வீழக்கூடும். ஒவ்வொரு தாயின் குஞ்சுகளுக்கும் தனி நிறக் கால்வளையம் இட்டு, எந்தத் தாயின் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கின்றன என்று இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குக் குறித்துவையுங்கள். தனிக்கோழி ஒன்று தப்பியதைக் காட்டிலும் உடன்பிறப்புகள் சேர்ந்து பிழைப்பதே நம்பத்தக்க அடையாளம். வெளியிலிருந்து வாங்கும் சேவல்களை மூன்று வாரமாவது தனியே அடைத்துவைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தில் விடுங்கள்.