‘டாக் ஆஃப் த பே’: ஓட்டிஸ் ரெட்டிங் தன் சாவை உணர்ந்து பாடிய பாட்டா?

‘சிட்டின் ஆன் த டாக் ஆஃப் த பே’ (விரிகுடாவின் படகுத்துறையில் உட்கார்ந்து) என்ற சோல் பாடல், அதாவது கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த உணர்ச்சிமிக்க இசைவகைப் பாடல், எப்படிப் பிறந்தது, அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் தன் சாவை முன்கூட்டியே உணர்ந்துதான் அதைப் பாடினார் என்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: உண்மையில்லை. ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது. பாடிப் பதிவு செய்த சில நாட்களில் பாடகர் விமான விபத்தில், அதுவும் நீரில் விழுந்து இறந்துபோகிறார். ஒரு மாதம் கழித்து வெளிவரும் பாடலில் அலை அடிக்கிறது, கடற்பறவை கத்துகிறது, தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவன் கடைசியில் சீழ்க்கையடித்தபடியே தேய்ந்து மறைகிறான். இதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் தொழில்முறை இசைக்கலைஞன் அல்லன். சனிக்கிழமை மாலைகளில் கிட்டாரோடு உட்காருகிறவன். இந்தப் பாடலைப் பல ஆண்டுகளாக வாசித்தும் அதைப் பற்றி வாசித்தும் வந்ததில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு. இதில் நாம் கேட்கும் துக்கத்தின் பெரும்பகுதி, பாடியவர் போன பிறகு மற்றவர்கள் சேர்த்தது.

ரெட்டிங் 1941இல் ஜார்ஜியா மாநிலத்தின் டாசன் என்ற சிற்றூரில் பிறந்து, அதே மாநிலத்தின் மேக்கன் நகரில் வளர்ந்தவர். 1962இல் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு மெம்ஃபிஸிலுள்ள ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தவர், அன்றைய பதிவில் மிஞ்சிய நேரத்தில் தனக்கும் ஒரு வாய்ப்பு கேட்டுப் பாடினார். அப்படித்தான் அவருடைய வாழ்க்கை தொடங்கியது. ஸ்டாக்ஸ் என்பது மெக்லெமோர் அவென்யூவில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய நிறுவனம். திரையரங்குக்கே உரிய சாய்தளத்தைக்கூட அவர்கள் சமப்படுத்தவில்லை; அந்தச் சரிவில் நின்றுதான் எல்லோரும் வாசித்தார்கள். ரெட்டிங்கின் முத்திரை தொண்டை கிழியப் பாடுவது, கெஞ்சுவது, பாட்டின் முடிவில் வரிகளை உதறிவிட்டு வெறும் ஒலிகளால் கூட்டத்தை உலுக்குவது. கறுப்பின ரசிகர்களிடையே அவர் பெரிய நட்சத்திரம். ஐரோப்பாவிலும் அப்படியே, 1967இல் பிரிட்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழ் வாசகர்கள் எல்விஸ் பிரெஸ்லியைப் பின்தள்ளி இவரைச் சிறந்த ஆண் பாடகராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் அவருடைய ஒரு பாடல்கூட வரவில்லை.

1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில், பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்கள் நிறைந்த ராக் கூட்டத்துக்கு முன்னால் பாடி அவர்களைத் தன் வசமாக்கினார். ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பேசின் ஸ்ட்ரீட் வெஸ்ட் என்ற இரவு விடுதியில் பாட வந்தபோது, விரிகுடாவின் மறுகரையில் இருக்கும் சாசலிட்டோவில் ஒரு படகுவீட்டில் தங்கினார். பாடலின் முதல் வரி அங்கே பிறந்தது. அவரோடு தங்கியிருந்த பயண மேலாளர், காலையில் எழுந்தது முதல் ரெட்டிங் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்ததாகவும், அது எங்கே போகிறது என்று தனக்கு நாட்கணக்கில் பிடிபடவில்லை என்றும் பின்னர் நினைவுகூர்ந்தார். காலை வெயிலில் உட்கார்ந்து, மாலை வரும்வரை உட்கார்ந்து, கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பது: அவ்வளவுதான் விஷயம். ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சும்மா இருக்கக் கிடைத்த சில நாட்கள் அவை என்பதை மறந்துவிடக் கூடாது. சும்மா இருப்பதைப் பற்றிய பாட்டு இது; அதைச் சாவைப் பற்றிய பாட்டாக மாற்றியது நாம்தான்.

அந்தக் கோடைக்காலத்தில் பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இலையுதிர்காலத்தில் தொண்டையில் வளர்ந்திருந்த சதைக்கட்டிகளை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. வாரக்கணக்கில் பாடவோ பேசவோ கூடாது என்று மருத்துவர்கள் கட்டுப்படுத்தினார்கள். கத்திப் பாடியே பேர் வாங்கிய ஒருவர் வாயைத் திறக்காமல் வீட்டிலிருந்து, குணமாகி நவம்பரில் கூடத்துக்குத் திரும்பியபோது, கையில் புதிய பாடல்கள் ஏராளமாக இருந்தன. மனைவி ஸெல்மாவுக்கு இந்தப் பாடல் பிடிக்கவில்லை, அவருடைய வழக்கமான பாணியில் இல்லையே என்றார். தான் மாறப்போவதாக ரெட்டிங் சொன்ன பதிலில் விடைபெறும் தொனி இல்லை. அடுத்த கட்டத்துக்குக் கிளம்பியவரின் பேச்சு அது.

மெம்ஃபிஸில் அவர் நேராகப் போய்ப் பிடித்தது ஸ்டீவ் க்ராப்பரை. ஸ்டாக்ஸின் கிட்டார் கலைஞர், தயாரிப்பாளர், ரெட்டிங்கோடு சேர்ந்து பாடல் எழுதும் தோழர் என எல்லாமாகவும் இருந்தவர் க்ராப்பர். நிறவெறி இன்னும் நகரத்தை இரண்டாகப் பிளந்து வைத்திருந்த காலத்தில் ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையினத்தவரும் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிய பாட்டு இது என்பதையும் சொல்ல வேண்டும். ரெட்டிங் கொண்டுவந்தது தொடக்க வரிகளை. மீதியை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். ஜார்ஜியாவில் வீட்டை விட்டு வந்தவன், விரிகுடாவை நோக்கிப் பயணித்தவன் என்று பாடலில் வருகிற தன்வரலாற்றுச் செய்திகளைப் பற்றி க்ராப்பர் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்: ரெட்டிங் தன்னைப் பற்றித் தானே எழுதுகிற பழக்கம் உள்ளவர் அல்லர், அவரைப் பற்றி எழுதியது நான்தான் என்றார். ஆகவே சாவைக் கண்டவரின் ஒப்புதல் வாக்குமூலமாகப் பலர் படிக்கும் வரிகளே, நண்பர் ஒருவர் அவரை எதிரில் வைத்துக்கொண்டு எழுதியவை.

இங்கே ஒரு கிட்டார்க்காரனின் பிடிவாதத்தோடு சற்று நிற்க விரும்புகிறேன். பாடல் ஜி மேஜர் சுருதியில் அமைந்தது. அந்தச் சுருதியின் இயல்பான கார்டுகளில் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளில்) ஏ, பி, ஈ மூன்றும் மைனராக வர வேண்டியவை. அதாவது பொதுவாகச் சோகத்துக்கு என்று நாம் எடுத்து வைக்கும் கார்டுகள். இந்தப் பாடலிலோ ஜி, பி, சி, ஏ என்று போகும் சரணத்திலும், ஜியும் ஈயும் மாறி மாறி வரும் முடிவிலும், எல்லாமே மேஜர். தேடிப் பார்த்தாலும் ஒரு மைனர் கார்டு அகப்படாது. இதற்குக் காரணம் மிக எளியது. ரெட்டிங் முறையாகக் கிட்டார் கற்றவர் அல்லர். ஆறு கம்பிகளையும் மொத்தமாக மீட்டினாலே ஈ மேஜர் ஒலிக்கும்படி சுருதி கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு விரலைக் குறுக்கே அழுத்தி மேலும் கீழும் நகர்த்தியே பாட்டுக் கட்டுவார். அப்படி வைத்தால் எந்தக் கட்டத்தில் அழுத்தினாலும் மேஜர்தான் வரும். மைனர் வேண்டுமானால் மெனக்கெட வேண்டும். ஜியிலிருந்து பிக்குத் தாவும் அந்த இடத்தை முதன்முதலில் என் கையால் வாசித்தபோது தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து மைனராக்கிப் பார்த்தேன். பாட்டின் வெயில் அப்படியே அணைந்துபோயிற்று. வரிகள் தனிமையைச் சொல்லும்போது கார்டுகள் வெளிச்சமாகவே இருப்பதுதான் இந்தப் பாடலின் ரகசியம் என்பது என் கருத்து.

1967 நவம்பர் 22 அன்று பாடல் பதிவாகியது. டிசம்பர் முதல் வாரத்தில் சில சேர்க்கைகள் செய்யப்பட்டன. க்ராப்பரின் கிட்டார், டக் டன்னின் பேஸ், ஆல் ஜாக்சனின் ட்ரம்ஸ், புக்கர் டி. ஜோன்ஸின் விசைப்பலகை, பின்னணிக் குரல்களின் இடத்தில் வழக்கம்போல ஊதுகருவிகள், ஆனால் வழக்கத்துக்கு மாறாக மிக அடக்கமாக. ரெட்டிங்கின் பாடல்கள் முடிவில் கொதித்து எழும் என்று சொன்னேனல்லவா, இதிலும் கடைசியில் ஏதோ பேசிப் பாடுவதாக இருந்ததாம். அது நினைவுக்கு வராமல் போகவே அவர் சீழ்க்கையடித்து இட்டு நிரப்பினார் என்பது க்ராப்பரின் விளக்கம். உலகம் முழுவதும் தெரிந்த அந்தச் சீழ்க்கை இப்படி வந்துசேர்ந்ததுதான். ஸ்டாக்ஸில் பலருக்கும் பாடல் ஒட்டவில்லை. ஜிம் ஸ்டூவர்ட்டுக்கு இது தங்கள் நிறுவனத்தின் ஒலியாகவே படவில்லை. டக் டன்னும் இது நிறுவனத்தின் பெயரைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சினார். ரெட்டிங்கும் க்ராப்பரும் மட்டும் இதுதான் தங்களுடைய முதல் ‘நம்பர் ஒன்’ என்று நம்பினார்கள்.

டிசம்பர் 10 அன்று, கிளீவ்லாந்தில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய சிறிய பீச்கிராஃப்ட் விமானம், தரையிறங்குவதற்குச் சற்று முன் மனோனா ஏரியின் உறைகுளிர் நீரில் விழுந்தது. ரெட்டிங்குக்கு வயது 26. உடன் வாசித்துவந்த பார்-கேஸ் என்ற இசைக்குழுவின் இளைஞர்களில் நால்வர், உதவியாளர், விமானி ஆகியோரும் இறந்தார்கள். இருக்கையின் மெத்தையைப் பற்றிக்கொண்டு மிதந்த ட்ரம்பெட் கலைஞர் பென் காலி ஒருவரே பிழைத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை. ஸ்டாக்ஸின் விநியோக உரிமை பெற்றிருந்த அட்லான்டிக் நிறுவனம் உடனே ஓர் இசைத்தட்டு வேண்டும் என்று நெருக்கியது. நண்பரின் உடல் ஏரியிலிருந்து எடுக்கப்படும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது என்று க்ராப்பர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் தனியே உட்கார்ந்து ஒலிக்கலவையை முடித்தார். அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்தது அப்போதுதான். மெம்ஃபிஸிலேயே விளம்பர ஜிங்கிள்கள் தயாரித்துவந்த ஒரு நிறுவனத்தின் ஒலித்தொகுப்பிலிருந்து அவற்றை வாங்கிவந்தார். பாடல் பதிவின்போது ரெட்டிங் விளையாட்டாகப் பறவைபோல் கத்திக் காட்டியது க்ராப்பரின் நினைவில் இருந்தது. கேட்டுப்பார்த்த அட்லான்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் குரல் போதிய அளவு முன்னால் இல்லை என்று திருப்பி அனுப்ப, க்ராப்பர் மீண்டும் கலந்துகொடுத்தார். ஆக, நம்மை உருக வைக்கிற அந்தக் கடல், பாடியவரின் காதில் ஒருமுறைகூட விழாதது.

1968 ஜனவரி 8 அன்று வெளியான பாடல் மார்ச் 16 தேதியிட்ட, அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலான பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்து நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. பாடகர் மறைந்த பிறகு அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் பாடல் இதுவே. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது, இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன. அது முதலிடத்தில் இருந்தபோதே, ஏப்ரல் 4 அன்று, அதே மெம்ஃபிஸின் லொரேன் விடுதியில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் நிறபேதமின்றிக் கூடி உட்கார்ந்து பாடல் எழுதிய விடுதி அது. போதாக்குறைக்கு அட்லான்டிக் கைமாறியதைத் தொடர்ந்து அதே ஆண்டில்தான், தான் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்த 1965ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஸ்டாக்ஸின் மூலப் பதிவுகள் அட்லான்டிக்குக்கே சொந்தம் என்று ஜிம் ஸ்டூவர்ட்டுக்குத் தெரியவந்தது. முதலில் அவருக்குப் பிடிக்காத, ஆனால் அவருடைய நிறுவனம் அதுவரை தந்ததிலேயே பெரிய வெற்றியான இந்தப் பாடலும் அதோடு போயிற்று.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், 1992இல் வெளிவந்த ‘ரிமெம்பர் மீ’ என்ற தொகுப்பில் இந்தப் பாடலின் முதல் முயற்சிகள் இரண்டு இருக்கின்றன, தேடிக் கேளுங்கள். அலை இல்லை, பறவை இல்லை; ரெட்டிங் வாயாலேயே கடற்பறவைபோல் கத்துகிறார். முடிவில் அவர் அடிக்கும் சீழ்க்கை பாதி காற்றாகவும் பாதி ஒலியாகவும் தடம் புரண்டு போகிறது. உடனே ஒலிப்பதிவாளர் ரானி கபோன், நீங்கள் சீழ்க்கையடித்துப் பிழைக்க முடியாது என்று கிண்டல் செய்கிறார்.