பாதியில் நிறுத்திய பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பாடகர் கே.ஏ.குணசேகரன் நினைவுநாளை ஒட்டிச் சென்ற வாரம் நீங்கள் எழுதிய நாலு வரியைப் படித்தேன். எனக்கு மானாமதுரைப் பக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கட்டுமான வேலை, இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் அப்பாவிடம் அவருடைய கேசட் ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்.

இந்தப் பொங்கலுக்கு விடுதியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாடினோம். நான் அவர் பாடிய, சாதிக் கொடுமையை எதிர்க்கும் ‘மனுசங்கடா’ பாட்டை எடுத்தேன். பாதியில் ஓர் அண்ணன், “இங்கேயும் வந்து எதுக்குப்பா சாதிப் பாட்டு, நல்ல கிராமியப் பாட்டா ஒண்ணு பாடு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் நிறுத்திவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை. நான் பாடியது தப்பா அக்கா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். குணசேகரன் பேராசிரியராக இருந்தவர் என்கிறார்கள். பேராசிரியரை நாட்டுப்புறப் பாடகர் என்று சொல்லலாமா? அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
துவாஸிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நீங்கள் நிறுத்தியதைப் போல நானும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பொங்கல் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேடையில் ஓலைக் குடிசை, மாட்டுவண்டிச் சக்கரம், கரும்புக் கட்டு எல்லாம் வைப்பதாக ஏற்பாடு. நான் குணசேகரன் பாடிய ‘பாவாடை சட்டை கிழிஞ்சு போச்சுதே’ பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு சனிக்கிழமை ஒத்திகை. பத்து வயதுப் பெண் ஒருத்தி அதைப் பாட ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, “நாளும் கிழமையுமா கிழிசல் பாட்டு வேணாமே, கலகலப்பா ஒண்ணு போட்டுடுங்க” என்றார். நானும் சரி என்றேன். அந்தப் பெண் “ஏன் டீச்சர்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், நல்ல கைதட்டல். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். அவள் கேட்டதை அவள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

உங்கள் விடுதி அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு ஊர் நினைப்பாவது இதமாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நல்ல கிராமியப் பாட்டு ஒரு பக்கம், சாதிப் பாட்டு இன்னொரு பக்கம் என்று அவர் பிரிக்கிறார் இல்லையா, அப்படிப் பிரிக்க முடியாது என்பதைத்தான் குணசேகரன் ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டினார்.

அவருடைய கலைக்குழுவுக்கும் பாட்டுத் தொகுப்புக்கும் ‘தன்னானே’ என்று பெயர். இந்தச் சொல்லை நான் என் பாட்டியிடம்தான் முதலில் கேட்டேன். பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மலேசியாவின் ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நடவில் பத்துப் பேர் ஒரே வரிசையில் நிற்பார்கள், ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பால்மரம் வெட்டப் போனால் அவரவர் நிரையில் அவரவர் தனி. அதனால் பாட்டி எடுத்துக் கொடுப்பதையும் தானே பாடி, வாங்குவதையும் தானே பாடுவார். “தன்னானேன்னு எதுக்குப் பாட்டி பாடுறீங்க, அதுக்கு அர்த்தமே இல்லையே?” என்று சிறுவயதில் கேட்டேன். “அடுத்த அடி யோசிக்க வேணாமா?” என்றார்.

அந்தப் பதிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் குணசேகரனைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் தன்னானே சொல்லும் அந்த இடைவெளியில், எடுத்துக் கொடுக்கிறவள் தன் மனதில் இருப்பதை ஒரு புது அடியாகக் கட்டிவிடுவாள். கொழுந்தனைக் கேலி செய்வாள், மழையைக் கூப்பிடுவாள், வரப்பில் குடை பிடித்து நிற்கிறவரைக் குத்திப் பாடுவாள். மெட்டு மாறாது. குனிந்த முதுகு நிமிராது. கூலியைப் பற்றியும் அவமானத்தைப் பற்றியும் பாட அந்த மெட்டில் எப்போதும் இடம் இருந்தது. குணசேகரன் தெம்மாங்குக்குள் அரசியலை வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்தார் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எடுத்துக் கொடுக்கிற ஒருத்திக்கு இருந்த அந்த உரிமையை அவர் மேடையில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

‘முக்கா முழம் நெல்லுப் பயிரு’ கேட்டிருப்பீர்கள். நிற்காமல் தண்ணீர் இறைத்தும் பயிர் கருகிப் போன கதை அது. அவர் அதை அழுதுகொண்டு பாட மாட்டார். குரல் திடமாக, நெஞ்சிலிருந்து வரும். ஒப்பாரியில் வரும் இழுப்பு அங்கங்கே தலைகாட்டும், உடனே தாளம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். துக்கத்தை அப்படி நிமிர்ந்து நின்று பாடுகிற குரல்கள் தமிழில் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் 1955இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்ற கிராமத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். உங்கள் ஊரிலிருந்து அது அதிக தூரம் இல்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நாடகத் துறையில் பேராசிரியராக இருந்தார், சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். ‘பலியாடுகள்’ என்று அவர் எழுதிய நாடகத்தைத் தமிழின் முதல் தலித் நாடகம் என்று சொல்வார்கள். ஆனால் இதெல்லாம் பாட்டை விட்டுவிட்டுப் போய் அடைந்த உயரம் இல்லை தம்பி. தான் பாடுவதையே அவர் ஆய்வு செய்தார், ஆய்வு செய்ததைத் திரும்பக் கொண்டுபோய்ப் பாடினார். படித்துவிட்டால் பாட்டை விட்டுவிட வேண்டும் என்றும், பாடுகிறவர்களுக்குப் படிப்பு எதற்கு என்றும் நினைக்கிற நம்முடைய பழக்கம்தான் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. நாட்டுப்புறப் பாடகர் என்றே தயங்காமல் சொல்லுங்கள்.

அவருடைய தன்வரலாறு ‘வடு’ 2005இல் வந்தது. கிடைத்தால் படியுங்கள், சின்னப் புத்தகம்தான். இளையான்குடி முஸ்லிம்களிடம் தனக்குத் தீண்டாமை நேர்ந்ததில்லை என்றும், சுற்றுக் கிராமங்களில் அதைச் சந்தித்தேன் என்றும் அதில் எழுதுகிறார். அவ்வளவு அருகருகே இருந்த ஊர்கள். ஒன்றில் திண்ணையில் உட்காரலாம், அடுத்ததில் முடியாது. அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் மேடைகளில் வைக்கிற அந்த ஓலைக் குடிசை ஊரின் எந்தப் பக்கத்துக் குடிசை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“இங்கேயும் வந்து எதுக்கு” என்று அந்த அண்ணன் கேட்டதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து இங்கும் பேசினார். அந்த அலையில்தான் கோ.சாரங்கபாணி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னால் நின்று சாதி வேற்றுமையை எதிர்த்தார். 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். 1952இலிருந்து தமிழர் திருநாளை நடத்தி, சாதி மதம் பாராமல் எல்லாரையும் ஒரு பந்தலுக்குக் கீழ் உட்கார வைத்தார். கப்பலில் வந்தவர்களோடு சாதியும் வந்து இறங்கியதால்தான் அவர் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. நாம் இன்று மேடை போட்டுக் கொண்டாடுகிற பொங்கலுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. அந்த மேடையில் ‘மனுசங்கடா’ பாடக் கூடாது என்று சொன்னால் சாரங்கபாணி என்ன நினைப்பார் என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ‘மனுசங்கடா’ பாட்டை எழுதியவர் கவிஞர் இன்குலாப், கீழக்கரையில் பிறந்தவர். யார் எழுதினார்கள் என்று தெரியாமலே பலர் அதைப் பழைய நாட்டுப்பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அந்த அளவுக்கு அதை மக்கள் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரனின் குரல். இருவருமே 2016இல் போனார்கள். இவர் ஜனவரியில், அவர் டிசம்பர் முதல் தேதியில். இனிமேல் பாடும்போது இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

2016 ஜனவரி 17, காணும் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை. நான் சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்க நின்றிருந்தபோது, புதுச்சேரியில் அவர் காலமானார் என்று தோழி ஒருத்தி தகவல் அனுப்பினாள். அறுபது வயதுதான். கால் ஓய்ந்துபோய், ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் நடந்து புல்தரை ஓரமாக உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், ஊருக்கு வீடியோவில் பேசுகிறவர்கள். நான் கைப்பேசியில் ‘முக்கா முழம்’ போட்டேன். காதில் மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை, சத்தமாகவே வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். புதுக்கோட்டைக்காரர் என்று அப்புறம் தெரிந்தது. பாட்டு முடிந்ததும், “யாருக்கா பாடுறது?” என்றார். சொன்னேன். இன்று இறந்துவிட்டார் என்பதையும் சொன்னேன். “இன்னொரு தடவை போடுங்க” என்றார். இரண்டாவது முறை முடிந்த பிறகு அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தங்கள் நிலத்தில் மூன்று இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டும் தண்ணீர் வரவில்லை, அந்தக் கடனுக்காகத்தான் இங்கே வந்தேன் என்று பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசியிருப்போம். நான் வாங்கிய கீரை பையிலேயே வாடிவிட்டது.

அந்த அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை கூடும்போது முதலில் ‘முக்கா முழம்’ எடுங்கள், அது அவர் கேட்ட கிராமியப் பாட்டுத்தான். அதை அவரும் வாங்கிப் பாடினால், தன்னானேயை விடாமல் அப்படியே மற்றதற்குப் போங்கள். இந்தத் தடவை பாதியில் நிறுத்த வேண்டாம்.

எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். இந்த வாரம் அப்பாவிடம் பேசும்போது அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா, அதை எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில் வாங்கினார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதன் இரண்டு பக்கத்திலும் என்னென்ன பாட்டு என்பதையும் அவருக்கு நினைவிருக்கிற வரிசையிலேயே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா