நார்டன் கோட்டை நகரம்: கேள்வி பதில்

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நார்டன் என்னும் சிறு கோட்டை நகருக்கு வெவ்வேறு பருவங்களில் நான்கு முறை சென்று வந்திருக்கிறேன். அங்கே போக எண்ணுவோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): வானிலிருந்து எடுத்த படங்களில் நார்டன் ஆறு முனை நட்சத்திரமாகத் தெரிகிறது. நேரில் போனாலும் அப்படித் தெரியுமா?

பதில்: தெரியாது, அம்மா. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் அரைமணி நேரம் ஏமாந்துதான் போகிறார்கள். வெளியிலிருந்து வருபவரின் கண்ணில் படுவது புல் மூடிய ஒரு மேடு, அதன் பின்னே நீர், மறுபடியும் மேடு, மறுபடியும் நீர், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய தேவாலயத்தின் கோபுரம், அவ்வளவே. ஊர் இப்படிப் பதுங்கிக் கிடப்பது தற்செயல் அன்று. பீரங்கி வந்த பிறகு உயர்ந்த கல் மதில் காப்பாக இருப்பதை விட்டு நல்ல இலக்காக மாறிவிட்டது. குண்டு பட்டால் கல் சிதறும், மண்மேடோ குண்டை விழுங்கிக்கொள்ளும். ஆகவே மதிலைத் தாழ்த்தி, அகலமாக்கி, மண்ணால் நிரப்பினார்கள்.

நட்சத்திர வடிவத்தின் காரணத்தை அறிய ஒரு சிறு வழி உண்டு. மதிலின் மூலைகளில் துருத்தி நிற்கும் ஆறு கொத்தளங்களுள் ஏதேனும் ஒன்றின் பக்கவாட்டில் நின்று அடுத்த கொத்தளத்தைப் பாருங்கள். அம்புமுனை போன்ற அதன் முகம் அடியிலிருந்து நுனிவரை ஒரு மறைவிடமும் இன்றி உங்கள் பார்வைக்குள் விழும். வட்டக் கோபுரமாக இருந்தால் அதன் முன்புறத்தில் பக்கத்திலிருந்து சுட முடியாத ஒரு மூலை எப்போதும் மிஞ்சும்; எதிரி அங்கே ஒண்டிக்கொண்டு சுவரைத் தோண்டுவான். அந்த மூலையை ஒழிப்பதற்குப் பிறந்ததே இந்த நட்சத்திரம். கொத்தளங்களுக்கு இடையில் அகழிக்குள் தீவுகளாகக் கிடக்கும் முக்கோண மண்மேடுகளும் அதே கணக்கில் அமைந்தவை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்): எங்கள் ஊர்க் கோட்டையும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டியதுதானே? இரண்டுக்கும் ஒற்றுமை உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பழைய கோட்டையின் இடத்தில் ஐந்து கொத்தளங்களுடன் ஐங்கோணக் கோட்டையை எழுப்பினார்கள். அதன் புறக்காப்புகள் 1792இல்தான் முடிந்தன, மூன்றே ஆண்டுகளில் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நார்டனின் இன்றைய வடிவமும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே கலையின் பிள்ளைகள். வேறுபாடு என்னவென்றால், யாழ்ப்பாணக் கோட்டை ஊருக்கு வெளியே நின்று ஊரை ஆண்டது, நார்டனிலோ ஊரே கோட்டைக்குள் குடியிருக்கிறது. யாழ்ப்பாண அகழியின் வெளிச்சரிவில் ஒரு மாலை நடந்தவருக்கு நார்டனை விளக்க யாரும் தேவையில்லை.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்): இத்தனை சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய அரண் எதற்கு?

பதில்: ஊரைக் காப்பதற்காக மட்டும் அன்று, ஆம்ஸ்டர்டாமைக் காப்பதற்காக. கிழக்கே கோய் என்னும் மணல்மேட்டுப் பகுதி உலர்ந்த நிலம். மேற்கே ஆம்ஸ்டர்டாம் வரை தாழ்ந்த சதுப்பு. வடக்கே அக்காலத்தில் கடல், தென்மேற்கே நார்டர்மேர் ஏரி. இவற்றுக்கு இடையே படை நடந்து வரக்கூடிய குறுகிய வழியின் கழுத்தில் நார்டன் நின்றது.

நம் பழைய நூலோர் சொல்லும் நீரரண் என்பதை இந்நாட்டார் ஒரு பொறியாகவே ஆக்கினார்கள். போர் மூண்டால் மதகுகளைத் திறந்து தாழ்நிலங்களில் முழங்காலளவு, ஏறத்தாழ 40 செண்டிமீட்டர், தண்ணீரைப் பரப்புவார்கள். அந்த ஆழத்தில் வண்டியும் பீரங்கியும் புதையும், ஆனால் படகு மிதக்காது; வாய்க்கால் எங்கே, வயல் எங்கே என்பதும் தெரியாது. 1672இல் பிரெஞ்சுப் படை நார்டனைப் பிடித்தும் ஆம்ஸ்டர்டாமை நெருங்க முடியாமல் நின்றது இந்தத் தண்ணீரால்தான். மறு ஆண்டு டச்சு ஆட்சித் தலைவர் மூன்றாம் வில்லியம் ஊரை மீட்டார். 1675 தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இப்போது நாம் காணும் இரட்டை மதிலும் இரட்டை அகழியும் உருவாயின.

வெள்ள நீர் ஏறாத உலர்ந்த பாதைகளை அடைப்பதே இத்தகைய கோட்டைகளின் வேலை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஊரைச் சுற்றி இன்றும் வெட்டவெளி இருப்பதன் காரணமும் புரியும். கோட்டையிலிருந்து சுடும் எல்லைக்குள் மறைவு எதுவும் இருக்கலாகாது என்று 1853இல் ஒரு சட்டம் வந்தது. மிக நெருங்கிய 300 மீட்டருக்குள், போர் வந்தால் உடனே எரித்துவிடத்தக்க மர வீடுகளுக்கு மட்டுமே இடம் கொடுத்தார்கள். 1926இல் நார்டன் கோட்டை என்ற தகுதியை இழந்தது. 2021இல் யுனெஸ்கோ, இத்தகைய கோட்டைகளும் வெள்ளம் பாய்ச்சும் நிலங்களும் சேர்ந்த நீர்க்காப்பு வரிசைகளை ஒன்றாக உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி (மதுரை வாசகர்): 1572இல் அங்கே நடந்த படுகொலையின் தடயம் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?

பதில்: டிசம்பர் 1ஆம் நாள், அப்போது நெதர்லாந்தை ஸ்பெயினுக்காக ஆண்ட ஆல்பா பிரபுவின் மகன் தோன் ஃபத்ரீக் தலைமையில் வந்த ஸ்பானியப் படை, சரணடைந்த ஊரின் ஆண்களை ஒரு கட்டடத்துக்குள் கூட்டிக் கொன்று, ஊருக்கும் தீ வைத்தது. அந்த இடத்தில் உள்ள கட்டடத்துக்கு இன்றும் ‘ஸ்பானிய வீடு’ என்று பெயர். முகப்பில் உள்ள புடைப்புச் சிற்பத்தை நிமிர்ந்து பார்க்காமல் கடந்துவிடுவோர் அதிகம். அச்சுறுத்தினால் மற்ற ஊர்கள் பணியும் என்று ஸ்பானியர் எண்ணினார்கள். பணிந்தாலும் உயிர் மிஞ்சாது என்று கற்றுக்கொண்ட ஹார்லெம் நகரம் அடுத்த சில நாட்களில் கதவை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடியது.

பெரிய தேவாலயம் அந்தத் தீக்குத் தப்பியது. அதன் மரக் கூரையில் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும் புதிய ஏற்பாட்டுக் காட்சிகளும் ஒன்றுக்கொன்று எதிராகத் தீட்டப்பட்டுள்ளன. கழுத்து வலிக்கும், இருந்தாலும் பாருங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை): கல்வியாளர் கொமேனியஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டாராமே?

பதில்: ஆம். இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1592இல் பிறந்து, நாடிழந்து அலைந்து, 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தவரை நார்டனில் பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டண்டினரின் வாலோன் சிற்றாலயத்தில் புதைத்தார்கள். படத்தோடு சொல் கற்பிக்கும் பாடநூலை 1658இல் வெளியிட்டவர் அவர். அவர் பெயரிலான அருங்காட்சியகமும் கல்லறையும் அடுத்தடுத்தே உள்ளன. ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் போதாது.

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒருவர்): நார்டனா, பூர்டாங்கவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

பதில்: குரோனிங்கன் மாகாணத்தின் ஜெர்மானிய எல்லையில் உள்ள பூர்டாங்க என்னும் நட்சத்திரக் கோட்டை பார்வைக்கு இன்னும் கச்சிதமானது. ஆனால் 1851இல் கைவிடப்பட்டு மண்ணோடு மண்ணாய்ப் போன அதனை, 1967க்குப் பின் 1742ஆம் ஆண்டின் நிலைக்கு மீட்டுக் கட்டினார்கள். பொதுப் போக்குவரத்தில் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் போய்விடும். எனக்கு ஆள் குடியிருக்கும் ஊர்தான் பிடிக்கும், ஆகவே நார்டன் என்பேன். மண்ணும் நீரும் மட்டுமே வேண்டும் என்பவர் பூர்டாங்க போகலாம்.

கேள்வி (துபாயிலிருந்து ஒரு தாய்): இரண்டு சிறு பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள மாமியாரோடும் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நார்டன்-புசும் நிலையத்திலிருந்து கோட்டை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், மாமியாரை நடத்த வேண்டாம், பேருந்தில் அழைத்துச் செல்லுங்கள். தொடர்வண்டியிலும் பேருந்திலும் வங்கி அட்டையையே தொட்டுச் செல்லலாம், இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள். அகழிக் கரைகளில் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் புல்சரிவு சறுக்கும், ஆகவே பிள்ளைகளின் கையை விடவே கூடாது. திங்களன்று சிறு அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் பெரிய தேவாலயத்தில் இசைமேதை பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்னும் இசைப்படைப்பைக் கேட்க நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும். 1922 முதல் நடக்கும் வழக்கம் அது.

கோட்டை அருங்காட்சியகத்தின் நிலத்தடி நடைவழிகளுக்குள் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். செங்கல் சுவர் கோடையிலும் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். எதிரியின் காலடிச் சத்தத்தைக் காவலர் ஒட்டுக்கேட்ட குறுகலான வழி ஒன்றும் அங்கே இருக்கிறது. அதற்குள் நின்று பிள்ளைகளை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னால், நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் மாமியார் மேலே வெயிலில் ஒரு பலகையில் அமர்ந்திருக்கட்டும்.