விஸ்டீரியா ஏன் பூக்க மாட்டேங்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (லண்டன்): விதை போட்டு வளர்த்த விஸ்டீரியா (ஊதாப் பூ கொத்துக்கொத்தா தொங்குமே, அந்தக் கொடி), 6 வருஷமாச்சு, மாசாமாசம் உரம் வைக்கிறேன். இலைதான் வருது, பூவே காணோம்.

பதில்: விதையில வந்த செடின்னா பூக்க 10, 15 வருஷம்கூட ஆகும்ங்க, அதனாலதான் நர்சரியில வாங்கும்போதே ஒட்டுச்செடியா கேட்டு வாங்கணும், அது 3, 4 வருஷத்துல பூத்துரும். உரத்தை முதல்ல நிறுத்துங்க. இது பயறு குடும்பம், வேர்லயே நைட்ரஜனை சேர்த்துக்கும், நீங்களும் மேல மேல போட்டா இலையாத்தான் தள்ளும். நல்ல வெயில் படுதான்னும் பாருங்க.

கேள்வி: வருஷத்துக்கு 2 தடவை வெட்டணுமாமே, வெட்டினா பூ போயிடாதா?

பதில்: வெட்டாமலே விட்டாதான் பூ குறையும். ஜூலை, ஆகஸ்ட்ல சாட்டை மாதிரி நீளமா போற புதுக் கிளையை எல்லாம் 5, 6 இலை விட்டுட்டு வெட்டுங்க, அதையே ஜனவரி, பிப்ரவரியில இலை இல்லாதப்போ 2, 3 மொட்டு விட்டுட்டு இன்னும் குட்டையாக்குங்க. அப்போ கிட்டப் போய் பாத்தீங்கன்னா குண்டா உருண்டையா இருக்கறது பூ மொட்டு, ஒல்லியா கூரா தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கறது இலை மொட்டு, அந்தக் குண்டு மொட்டுல மட்டும் கத்திரி படாம பாத்துக்கங்க. கூரை ஓடு, மழைநீர் குழாய் பக்கம் போற கிளையை யோசிக்காம வெட்டிருங்க, உள்ள நுழைஞ்சு தடிச்சுதுன்னா பேத்துரும்.

கேள்வி: அவரைக்காய் மாதிரியே காய் தொங்குது, பொரியல் பண்ணலாமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! காய், விதை ரெண்டுமே விஷம், வாந்தி, வயித்துவலி, பேதின்னு படுத்தி எடுத்துரும். காய் காஞ்சா படார்னு வெடிச்சு விதை தூரமா தெறிக்கும், அதனால சின்னப் பசங்க இருக்கற வீட்ல பச்சையா இருக்கும்போதே பறிச்சு குப்பையில போட்டுருங்க.

கேள்வி (டொரண்டோ): குளிர்ல பூ மொட்டு கருகிப்போகுது.

பதில்: சீன, ஜப்பான் வகையில மொட்டு முந்தின வருஷமே உருவாகிரும், அதான் பனியில மாட்டுது. உங்க ஊருக்கு கென்டகி விஸ்டீரியா, அதுல 'ப்ளூ மூன்' ரகம் பாருங்க. அது புதுத் தளிர்ல பூக்கும், கொத்து கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்ளோதான்.

கேள்வி (சென்னை): மொட்டை மாடியில வைக்கலாமா?

பதில்: காசை வீணாக்காதீங்க, அதுக்கு குளிர்காலம்னு ஒண்ணு வேணும். அந்த ஊதா நிறம்தான் ஆசைன்னா பெட்ரியா கொடி வைங்க, நம்ம வெயிலுக்கு நல்லா வரும்.