வாக்கர், பேச்சு, பென்சில்: 5 வயது வரை கேள்வி பதில்

நெல்லிக்குப்பம்: பாப்பாவுக்கு 8 மாசம். நல்லா உட்காருறா. வாக்கர் வாங்கலாமா மேடம்?

வேண்டாம். வாக்கரில் பிள்ளை தொங்கிக்கொண்டு விரல்நுனியால் உந்தும். உடல் எடை காலில் இறங்காது, தன் பாதமும் கண்ணில் படாது. படியில் உருளும், அடுப்படியில் கொதிக்கும் குழம்பை எட்டிப் பிடிக்கும். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை. தரையில் விடுங்கள். ஆடாத முக்காலிமேல் பொம்மையை வையுங்கள், அவளே பிடித்து எழுவாள்.

முத்தியால்பேட்டை: பையனுக்கு 2 வயசு. 'அம்மா', 'தா' மட்டும்தான். ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்னு மாமியார் சொல்றாங்க.

காத்திருக்காதீர்கள். 2 வயதில் 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர வேண்டும். முதலில் காதைப் பாருங்கள். கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். ஜிப்மர் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். இந்த வயதில் தூங்கவைத்து 'பெரா' என்னும் செவித்திறன் சோதனை எடுப்பது வழக்கம். பெயர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று குறித்துக்கொண்டு போங்கள். வீட்டில் அவன் 'தா' என்றால் நீங்கள் 'பால் தா' என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிவிட்டு, 5 எண்ணும் வரை அவன் முகம் பார்த்துச் சும்மா இருங்கள். 'இது என்ன, அது என்ன' என்று துளைக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை: 14 மாசம். ஃபோன் காட்டினாதான் சாப்பிட வாய் திறக்கிறான்.

ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். எல்லோரும் சாப்பிடும்போது கூடவே உட்கார வையுங்கள். தலையைத் திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். சில வேளை அழுவான்.

வில்லியனூர்: ரைம்ஸ் மட்டும் காட்டலாமா?

லாஸ்பேட்டைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கடலூர் முதுநகர்: படிப்பு ஆப்?

அதுவும் ஃபோன்தான்.

பண்ருட்டி: வாக்கர் கூடாதுன்னா தாத்தா காலத்து நடைவண்டி மட்டும் எப்படி? ரெண்டும் சக்கரம்தானே?

வடலூர்: அதானே! எங்க வீட்டு மூணு பிள்ளையும் வாக்கர்லதான் நடந்துச்சு.

வடலூர், அந்த மூன்றும் வாக்கர் இல்லாமலும் நடந்திருக்கும். பண்ருட்டி கேட்டதுதான் நல்ல கேள்வி. நடைவண்டி பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதில்லை. பிள்ளைதான் சொந்தக் காலில் நின்று தள்ளுகிறது. ஆனால் தானாகப் பிடித்து நிற்கும் வரை கையில் கொடுக்காதீர்கள். டைல்ஸ் தரையில் வண்டி முந்தி ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். சக்கரத்தில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றுங்கள். சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கட்டையில் அரிசிப் பை ஒன்று, ஒரு கிலோ போதும், கட்டுங்கள். மேலே கட்டினால் கவிழும். செருப்பு வேண்டாம், வெறுங்கால்.

பண்ருட்டி என்பதால் இன்னொன்று: 5 வயது வரை முழு முந்திரி கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைக்கும். பொடித்துக் கொடுங்கள்.

நெய்வேலி: காய்ச்சலுக்கு எத்தனை மில்லி?

எடை பார்த்து மருத்துவர் சொல்வார். இங்கே வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர்: மூணரை வயசு. எல்கேஜில 'அ' எழுதச் சொல்றாங்க, பென்சிலைத் தூக்கி எறியுறா.

விரலுக்கு இன்னும் வலு வரவில்லை. சப்பாத்தி மாவு உருட்டட்டும், துணி கிளிப் மாட்டட்டும், சில்வர் பீச்சில் ஈர மணலைத் தோண்டட்டும். கிரேயானை 3 செ.மீ. துண்டுகளாக ஒடித்துக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரலும் தானாகச் சேரும். தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி கிறுக்க விடுங்கள், மணிக்கட்டு நிமிரும். துண்டு கிரேயான் வாய்க்குப் போகும், பக்கத்திலேயே இருங்கள்.