வெண்புள்ளி முன்ஜென்மப் பாவமா? ஒட்டுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டத்துல உங்க தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவங்க, கையில வெண்புள்ளியப் பாத்து கர்மான்னு சொல்லிட்டுப் போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒட்டவே ஒட்டாதுங்க. நம்ம எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் குடுக்குற செல்லை அழிச்சிடுது, அவ்ளோதான். இத தொழுநோயோட போட்டு கொழப்பிக்கிறாங்க, 1930ல சுங்கை பூலோல தனி குடியிருப்பு கட்டி நோயாளிங்கள ஒதுக்குன காலத்து பயம் இன்னும் போகல, ஆனா தொழுநோயே கிருமியால வர்றது, மாத்திரையில குணமாகுது. சாபத்தால தொழுநோய் வந்த கிருஷ்ணர் மகன் சாம்பன சூரியன் குணப்படுத்துனதா புராணமே சொல்லுது, கர்மா பேசுறவங்க அத மட்டும் சொல்ல மாட்டாங்க. ஸ்கின் டாக்டரும் வெண்புள்ளிக்கு புற ஊதாக்கதிர் சிகிச்சை குடுக்குறாங்க (அதுக்காக வெயில்ல நிக்க வெக்காதீங்க, தோல் வெந்துடும்). கிளினிக்ல லெட்டர் வாங்கி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, தைராய்டும் செக் பண்ணச் சொல்லுங்க.