பழைய எஞ்சின் பிளாக் வாங்குமுன்: லேத் பட்டறையிலிருந்து சில பதில்கள்

எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் முக்கிய உடலை) வாங்கி, வண்டியில் ஏற்றி, பட்டறை வாசலில் வந்து நின்ற பிறகுதான் "அண்ணா, இது தேறுமா?" என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே கேட்ட நல்லவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் பிஸ்டன் ஓடும் துளையைக் குடைவது (அந்தத் துளையைத்தான் போர் என்போம்), அதை உரசி மெருகேற்றும் ஹோனிங், கிராங்க் தண்டைத் தேய்த்துச் சரி செய்யும் கிராங்க் கிரைண்டிங் செய்கிறவன் நான். லேத்தில் சரி செய்யக்கூடிய பழுதா, செய்ய முடியாத பழுதா என்றுதான் எதையும் பார்ப்பேன்.

ஏற்காடு மலையில் நாகலூரிலிருந்து: எஸ்டேட் ஜீப்புக்காக மஹிந்திராவின் 2523 சிசி டீசல் பிளாக் ஒன்றைக் காயலான் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன் அண்ணா. பளபளவென்று பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அந்தப் பெயிண்டைத்தான் தம்பி. பழைய பிளாக்குக்குப் பெயிண்ட் அடிப்பது தப்பில்லை, எல்லாரும் அடிக்கிறார்கள், ஆனால் கம்பி பிரஷ்ஷை எடுத்ததும் கடைக்காரர் கையைப் பிடித்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிரஷ்ஷோடு கொஞ்சம் மண்ணெண்ணெய், ரெண்டு சாக்பீஸ், டார்ச், பழைய துணி, இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ், நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, இவ்வளவு போதும்.

சந்தேகமான இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு சாக்பீஸை அழுத்திப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெதுவாகக் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு போடும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் ஆகும், கூடுதல் நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு போருக்கு நடுவில் உள்ள குறுகலான பாலம், போரிலிருந்து தண்ணீர் ஓட்டைக்குப் போகும் இடம், ஹெட் போல்ட் ஓட்டைகளின் விளிம்பு, பிறகு பிளாக்கைக் கவிழ்த்து, கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் சுவர்கள், இந்த நான்கு இடத்தையும் விடாதீர்கள். மலையில் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஏற்காடு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் சின்ன கியரிலேயே லோடோடு ஏறி, சூடு காட்டும் மீட்டரின் ஊசி சிவப்புக்குப் போனதும் கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. வார்ப்பிரும்பு அதைத் தாங்காது.

ஹெட் உட்காரும் மேல்முகத்தில் ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்தி அடியில் ஃபில்லர் கேஜை விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் நல்லது. 0.10 நுழைந்தால் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் போட வேண்டியிருக்கும். டீசலில் மேல்முகத்தைச் சீவினால் பிஸ்டன் அந்த அளவுக்கு மேலே வரும், அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் சீவ வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை சீவிய பிளாக் என்றால் எனக்கு வேண்டாம்.

அம்மாபேட்டையிலிருந்து: "ஸ்டாண்டர்ட் போர் சார், கையே வைக்கவில்லை" என்கிறார் விற்பவர். போர் கேஜ் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிஸ்டன் கூடவே இருந்தால் அதன் தலையில் உள்ள கரியைச் சுரண்டிப் பாருங்கள். 0.25, 0.50 என்றோ 10, 20 என்றோ குத்தியிருந்தால் ஏற்கெனவே பெரிதாக்கிய போர். பத்து என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். நிறைய எஞ்சின்களுக்கு 1.00 மி.மீ. வரைதான் ஓவர்சைஸ் பிஸ்டன் வரும், சிலதற்கு 0.50-ஓடு சரி. கடைசி சைஸில் தேய்ந்த பிளாக் என்றால் அடுத்தது, போருக்குள் புது உருளை இறக்கும் ஸ்லீவ்தான்.

பிஸ்டன் இல்லையா? போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். டாப் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம், அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் ஒரு படி மாதிரி நிற்கும். நகம் அந்தப் படியில் தட்டி நின்றால் ரீபோர் (போரைக் குடைந்து அடுத்த சைஸுக்குப் பெரிதாக்குவது) நிச்சயம் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அளவே வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த எஞ்சினுக்கான ரிங் ஒன்றை வாங்கிப் போய், மேலே படிக்குச் சற்றுக் கீழே வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனாலோ தட்டையான டப்பாவாலோ தள்ளி நேராக உட்காரவைத்து, ரிங் வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜில் அளந்துகொள்ளுங்கள். அதே ரிங்கை ரிங் ஓடாத அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் போர் மேலே எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வந்துவிடும். மேலே 0.75, கீழே 0.45 என்றால் வித்தியாசம் 0.30, அதாவது விட்டத்தில் 0.1 மி.மீ. அளவுக்குத் தேய்மானம். ரிங் மட்டும் மாற்றி ஓட்டுகிற நிலை அதில்லை. ஆனால் இது சராசரிதான் காட்டும், போர் முட்டை வடிவில் போயிருந்தால் காட்டாது. அதற்கு டயல் கேஜ்தான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: போருக்குள் துரு பிடித்திருக்கிறது. விட்டுவிடலாமா?

எண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புக் கறை மட்டும் என்றால் ஹோனிங்கில் போய்விடும். நகத்துக்குக் குழி தட்டினால் ரீபோர், குழி ஆழமென்றால் ஸ்லீவ். துருவைப் பார்த்து பயப்படுகிறவர்கள் நல்ல பிளாக்கை விட்டுவிட்டு, எண்ணெய் பூசி வைத்த விரிசல் பிளாக்கை வாங்கி வருகிறார்கள்.

ஓமலூரிலிருந்து: பிளாக் நன்றாக இருக்கிறது, ஆனால் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் கேப் இரண்டு காணோம். வேறு பிளாக்கிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். கேப்பைப் பிளாக்கில் முறுக்கி வைத்த பிறகுதான் ஃபேக்டரியில் அந்த வரிசை ஓட்டைகளை ஒன்றாகக் குடைகிறார்கள். ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றில் போல்ட் ஏறும், உட்காரும், ஆனால் வட்டம் சேராது, நேர்கோடும் சேராது. அந்த வரிசையை மறுபடி ஒன்றாகக் குடைகிற லைன் போரிங் போட்டுச் சரி செய்யலாம், அந்தச் செலவுக்குக் கேப் உள்ள பிளாக்கே கிடைக்கும். எல்லாக் கேப்பும் இருந்தாலும் எண்ணும் அம்புக்குறியும் வரிசைப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாகப் பஞ்ச் அடித்த மாதிரி தெரிந்தால் கேள்வி கேளுங்கள். பேரிங் ஷெல் உட்காரும் இடம் நீலம் பாரித்திருந்தாலோ, ஷெல்லின் நாக்குக்கான பள்ளம் தேய்ந்து மழுங்கியிருந்தாலோ பேரிங் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

சங்ககிரியிலிருந்து: லாரி எஞ்சின், வெட் லைனர் (வெளிப்பக்கம் தண்ணீர் படும், கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் உருளை). லைனரைத்தான் மாற்றிவிடப் போகிறோமே, பிளாக்கில் பார்க்க என்ன இருக்கிறது?

லாரிக்காரர்கள் எல்லாரும் சொல்வது இது, பாதி சரி. போர் தேய்மானம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் லைனர் உட்காரும் இடம் பிளாக்கில்தானே இருக்கிறது? மேலே லைனரின் கழுத்து உட்காரும் படிக்கட்டில் விரிசலோ அரிப்போ அமுங்கலோ இருந்தால் லைனர் பிளாக் முகத்தை விட மேலே நிற்க வேண்டிய அளவு நிற்காது, எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் அந்தப் போரில் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். கீழே ரப்பர் ரிங் உட்காரும் இடம் அரித்திருந்தால் தண்ணீர் ஆயில் சம்ப்பில் இறங்கும். அந்த இரண்டு இடத்தையும் எமெரி பேப்பரால் சுத்தம் செய்து விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பழைய லைனரைக் கழற்றிப் போட்டிருந்தால் அதன் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். பிஸ்டன் சாயும் பக்கத்தில் ஊசியால் குத்தியது போல் வரிசையாகப் பொத்தல்கள் இருந்தால், லைனர் அதிரும்போது தண்ணீரில் குமிழ்கள் தோன்றி வெடித்து உலோகத்தைப் பெயர்த்த தடம் அது. கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சினில் இது அதிகம். அந்த எஞ்சினை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சீலநாயக்கன்பட்டியிலிருந்து: பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் அரித்துப் போயிருக்கின்றன. பிளாக் கெட்டுவிட்டதா?

இல்லை. நாம் வாட்டர் பிளக் என்கிற அந்த மூடிகளின் விலை குறைவு, எப்படியும் மாற்றுவதுதான். ஆனால் மூடி கழன்ற ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டுவார்கள், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் அடியில் துருவும் சுண்ணாம்பும் கல்லாக இறுகிப் போயிருக்கும். பெரும்பாலும் கடைசி சிலிண்டர் பக்கம்தான் அதிகம் தேங்கும். கம்பியால் குத்தினால் உதிர்ந்தால் பரவாயில்லை, கெமிக்கல் தொட்டியில் போட்டு எடுக்கலாம். ஜாக்கெட் சுவர் மெலிந்திருக்கிறதா என்று மட்டும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பிரஷர் டெஸ்ட்: ஓட்டைகளையெல்லாம் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, சுடுதண்ணீரில் இறக்கி, உள்ளே காற்று கொடுத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும் என்பதால் பச்சைத் தண்ணீரில் செய்கிற டெஸ்ட்டை நான் நம்புவதில்லை.

கொட்டச்சேட்டிலிருந்து: ஜிப்சிக்கு எஸ்டீம் எஞ்சின் போடலாம் என்றிருக்கிறேன். பிளாக் அலுமினியமாமே?

ஆமாம், இரண்டும் மாருதியின் 1298 சிசி குடும்பம்தான், அலுமினிய பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனர். இங்கே தேய்மானத்தை விட சூடு ஏறிய சரித்திரம்தான் முக்கியம், ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே மேல்முகம் வளைந்துவிடும். ஹெட் போல்ட் ஓட்டை ஒவ்வொன்றிலும் போல்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். மரை பிடுங்கியிருந்தால் புது மரைச் சுருளான ஹெலிகாயில் போடலாம்தான், ஆனால் நாலைந்து ஓட்டையில் போட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பு வெள்ளைப் பொடி பூத்து அரித்திருக்கிறதா, அந்த அரிப்பு கேஸ்கெட்டின் வளையம் உட்காரும் கோடு வரை வந்துவிட்டதா என்றும் பாருங்கள், வந்திருந்தால் வேண்டாம். இன்னொன்று, எஸ்டீமில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், ஜிப்சியில் நெடுக்கே. மவுண்ட் ஓட்டை, கியர்பாக்ஸ் சேரும் முகம், சம்ப், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம், நான்கையும் உங்கள் பழைய எஞ்சினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டதை வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்கள். பாதி விலை.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. ஆயில் தெறிக்கும் கிராங்க் அறையின் வெளிச்சுவரில் மட்டும் என்றால், நிக்கல் ராடு வைத்து நிதானமாகச் செய்த வேலை பல வருடம் நிற்கும். ஆயில் ஓடும் வழியான ஆயில் கேலரி, வாட்டர் ஜாக்கெட், மெயின் சுவர், இதில் எதைத் தொட்டிருந்தாலும் பாதி விலையும் அதிகம். வெல்டிங்குக்குப் பதில் எம்-சீல் அப்பியிருந்தால், அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஓடுகிற எஞ்சினாகக் காட்டுகிறார்கள். வெறும் பிளாக் வாங்குவதை விட இது பாதுகாப்பா?

நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்காத வரையில். போனதும் முதலில் புகை வெளியேறும் மேனிஃபோல்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி, துள்ளிக் குதித்து விழுந்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிராக இருக்கும்போதே திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்த பின் விடாமல் குமிழ் வந்தால் கேஸ்கெட்டோ விரிசலோ, இரண்டில் ஒன்று. கம்ப்ரெஷன் பார்த்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

மஞ்சக்குட்டையிலிருந்து: சேலத்தில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இழுத்த எஞ்சின், ஏற்காடு மலைக்கு மேலே வந்ததும் மூச்சு வாங்குகிறது, புகையும் அதிகம். பிளாக்கில் ஏமாற்றிவிட்டார்களா?

டர்போ இல்லாத டீசலா? 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. முதலில் ஏர் ஃபில்டரையும் டீசல் பம்ப்பையும் பாருங்கள். பிளாக்கைத் திட்ட அவசரமில்லை.

ஆத்தூரிலிருந்து: எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா? யார் கேட்கப் போகிறார்கள்?

எஃப்.சி.யில் (தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது) கேட்பார்கள், இன்சூரன்ஸ் கிளைம் வரும்போது கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவில் வருகிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரிடமும் சொல்லுங்கள், அப்புறம் பிளாக்கைத் தேடுங்கள். நம்பர் குத்தியிருக்கும் இடத்தைக் கிரைண்டர் வைத்து இழைத்திருந்தால், அந்த பிளாக் தங்கத்தில் வார்த்ததாக இருந்தாலும் தொடாதீர்கள். பில்லில் எஞ்சின் நம்பர் இருக்க வேண்டும், எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு ஆர்.சி. நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் நாகலூர்: எல்லாம் சரி அண்ணா, பணம் எப்படிக் கொடுப்பது?

கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "லேத்தில் அளந்து, விரிசல் இருந்தால் திருப்பித் தருவேன்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொல்கிற கேரண்டி கடை வாசலைத் தாண்டாது. ரீபோர், பிஸ்டன் செட், ஹோனிங், ஃபேசிங், பேரிங் எல்லாம் எவ்வளவு ஆகும் என்று லேத்தில் முன்கூட்டியே கேட்டு, அதைப் பிளாக் விலையோடு கூட்டிப் பாருங்கள். சில நேரம் ரெகண்டிஷன் செய்த முழு எஞ்சினே கிட்டத்தட்ட அதே விலைக்கு வரும். அளந்து முடித்து மலைக்கு மேலே கொண்டு போனதும் போர், மேல்முகம், மெயின் ஓட்டை எல்லாவற்றிலும் கெட்டியாக கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் சுற்றி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அங்கே இருக்கிற ஈரத்துக்குப் புதிதாக ஹோன் செய்த போர் ஒரு ராத்திரியிலேயே சிவந்துவிடும்.